சுண்ணாம்பு தடவிய கலயம்

ஸ்காட்லாந்து தேசத்துக்கு உல்லாசப் பிரயாணம் போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மலையழகையும் ஏரியழகையும் வர்ணித்து முடித்த பிறகு, குரலைச் சற்றே தாழ்த்திக் கொண்டு இன்னொரு விஷயமும் சொல்வார்கள். அங்கே விஸ்கி வடிக்கும் சாலைகளுக்குள் டிக்கெட் வாங்கிக் கொண்டு போகலாமாம். வாற்கோதுமை ஊறும் தொட்டி, தாமிரக் கொதிகலம், ஓக் மரப் பீப்பாய் என்று வழிகாட்டி ஒருவர் ஒவ்வொன்றாகக் காண்பிப்பாராம். கடைசியில் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ருசி பார்க்கவும் கொடுப்பாராம்.

"இந்தச் சமாசாரம் நம் வீட்டுப் பத்திரிகைக்கு எதற்கு?" என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். நான் உங்களை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போகப் போவதில்லை. தூத்துக்குடிக்கு அழைத்துப் போகப் போகிறேன். அங்கேயும் ஒரு காய்ச்சுமிடம் உண்டு. அங்கேயும் சுற்றிப் பார்க்கலாம், ருசி பார்க்கலாம். டிக்கெட் கிடையாது, போதையும் கிடையாது. குழந்தைகளையும் கூட்டிக் கொண்டு வரலாம்!

தூத்துக்குடி என்றதும் முத்து ஞாபகம் வரும். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. உப்பு ஞாபகம் வரும். மக்ரூன் ஞாபகம் வரும். இந்த ஜில்லாவின் தென்கோடியில் விளையும் இன்னொரு பொருளை மாத்திரம், காலையில் காப்பியோடு சேர்த்துக் குடித்துவிட்டு மறந்து விடுகிறோம். அதுதான் கருப்பட்டி.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். முருகனைத் தரிசித்துவிட்டு, தெற்கே இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் போனால் உடன்குடி. வழியெல்லாம் குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியது போன்ற செம்மணல் தேரி. அதன் நடுவே படை வரிசை மாதிரிப் பனை மரங்கள். நான் போனது பங்குனி மாதத்து வெயிலில். பதனீர்க் காலம் மாசி, பங்குனியில் சூடு பிடித்து ஆடி வாக்கில் அடங்கும். ஆகவே மார்கழிக் குளிரில் போய்விட்டு, "ஒன்றையும் காணோமே!" என்று என்னைக் கோபித்துக் கொள்ளாதீர்கள்.

பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்த ஒரு சிறு குடிசை. அதற்கு விடிலி என்று பெயர். பருவ காலத்தில் பனையேறியின் குடும்பத்துக்கு வீடும் அதுதான், தொழிற்சாலையும் அதுதான். வாசலில் நின்ற ஐம்பது வயது அம்மாள்தான் நமக்கு வழிகாட்டி.

"வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கியளே! மொதல்ல ஒரு பட்டை குடிங்க, பொறவு பேசலாம்" என்றார்.

பனை ஓலையை மடித்துத் தொன்னை போலச் செய்வதுதான் பட்டை. அதில் பதனீரை ஊற்றி, நுங்கையும் நசுக்கிப் போட்டுக் கொடுத்தார். ஓலையின் பச்சை வாசனையோடு அந்தக் குளிர்ந்த இனிப்பு தொண்டையில் இறங்கியபோது, ஸ்காட்லாந்துக்காரர்களின் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பொறாமையும் போய்விட்டது. இது முதல் ருசி.

குடித்து முடித்து நிமிர்ந்தால், அவருடைய கணவர் மரத்தின் உச்சியில் இருந்தார். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. பனம்பாளையைக் கடிப்பால் சில நாள் இடுக்கிப் பதப்படுத்தி, பிறகு தினமும் அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டால் சாறு சொட்டுச் சொட்டாக வடியும். ஒரு நாள் சீவத் தவறினாலும் பாளை கோபித்துக் கொள்ளும். வடிவது குறைந்து போகும். ஆகையால் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். தீபாவளி, பொங்கல் என்று லீவு உள்ள உத்தியோகம் அல்ல இது.

இந்த இடத்தில் நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரம் 40 அடி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் நாளைக்கு 40 மரம், இரண்டு வேளை ஏறினால் மொத்தம் 3,200 அடி. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி. அதன் உச்சிக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 15 தடவை ஏறி இறங்குவதற்குச் சமம்! நாம் மூன்றாவது மாடிக்கு 'லிப்ட்' வரவில்லையென்றால் எவ்வளவு அலுத்துக் கொள்கிறோம்!

கீழே கவிழ்த்து வைத்திருந்த மண் கலயம் ஒன்றை அந்த அம்மாள் எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவியிருந்தது.

"இதுலதாம்மா எல்லாம் இருக்கு. இதைத் தடவலைன்னா கள்ளு. தடவுனா கருப்பட்டி" என்றார்.

ரசாயனப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை அவர் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். பதனீரில் பன்னிரண்டு சதவிகிதத்துக்கு முன்பின்னாகச் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதில் விழுந்து, சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடும். சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்டை வேலை செய்ய விடாது. ஸ்காட்லாந்தில் வாற்கோதுமையை முளைக்க வைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அப்புறம் இதே ஈஸ்டை வரவேற்று உபசரிக்கிறார்கள். நம் பனை சர்க்கரையைத் தயாராகவே கொடுத்துவிடுகிறது. ஆகவே ஒரு விரல் சுண்ணாம்புதான் இந்தக் குடிசைக்கும் அந்த வடிசாலைக்கும் நடுவில் உள்ள மதில்சுவர்.

சட்டமும் அந்த மதிலின் மேல்தான் நிற்கிறது. மதுவிலக்கை ராஜாஜி 1937-ல் முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் கொண்டு வந்தார். அதன் பிறகு தடை வந்தும் தளர்ந்தும் இருந்து, 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றமாகவே இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. "சீமைச் சரக்கு கடையில் விற்கலாம், பனங்கள் மட்டும் கூடாதா?" என்று பனையேறிகள் கேட்கிறார்கள். குடியினால் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்த பெண்கள் பலர், "உள்ள கடைகள் போதாதா, இன்னொன்று வேறா?" என்கிறார்கள். இந்த வழக்குக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கள்ளைத் தொடாமல், சுண்ணாம்பையே நம்பிப் பிழைக்கும் வீட்டின் அடுப்பங்கரைக்குத்தான் உங்களை அழைத்துக் கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த அடுப்பைப் பாருங்கள். மண்ணைக் குழித்துப் போட்ட அடுப்பு. மேலே அகன்ற பாத்திரம். பதனீரை வடிகட்டி ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் போட்டு எரிக்கிறார். நுரை பொங்கி வரும்போது, தட்டிய ஆமணக்கு முத்தில் ஒரு துளி போடுகிறார். பொங்கிய நுரை மந்திரம் போட்டாற்போல அடங்குகிறது. பிறகு மணிக் கணக்காகக் காய்ச்ச வேண்டும். துடுப்பை விட்டு நகர முடியாது. மேலே பங்குனி வெயில், கீழே நெருப்பு, நடுவில் புகை. நாம் சமையலறையில் புகைபோக்கி வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறோம். இவருடைய புகைபோக்கி, ஓலைக் கூரையில் இருக்கும் ஓட்டைதான்.

பதனீர் பாகாகத் திரளும் நிலைக்குக் கூப்பதனி என்று பெயர். ஓலைத் துண்டில் தொட்டு என் கையில் வைத்தார். சுடச்சுட, லேசான புகை மணத்தோடு, தேனைவிட அடர்த்தியாக இருந்தது. "சின்னப் புள்ளையில இதுல மாங்காயைப் போட்டு வேகவச்சுத் திம்போம்" என்று சிரித்தார். இது இரண்டாவது ருசி.

பதம் வந்ததும் பாகைச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஆறி இறுகியதும் கவிழ்த்துத் தட்டினால் அரைக் கோள வடிவில் கருப்பட்டி. இளஞ்சூட்டில் ஒரு விள்ளல் மூன்றாவது ருசி. சுக்கும் ஏலமும் சேர்த்துச் செய்த சில்லுக் கருப்பட்டி நாலாவது. பனங்கற்கண்டுக்கு மட்டும் பொறுமை வேண்டும். பாகை முன்கூட்டியே இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, நாற்பது நாளுக்கு மேல் அசைக்காமல் வைத்தால்தான் நூலில் மணி மணியாகக் கற்கண்டு கட்டும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதனீர் ஆகிறது. மீதியெல்லாம் ஆவிதான். ஸ்காட்லாந்தில் விஸ்கி குறைந்தது 3 வருஷம் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். அப்போது வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிப் போகுமாம். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். உடன்குடியில் தேவதைகள் ரொம்பப் பேராசைக்காரர்கள். பத்தில் ஒன்பது பங்கை அவர்களே எடுத்துக் கொண்டு, புகையை மாத்திரம் நம் அம்மாளுக்கு விட்டுவிடுகிறார்கள்!

இந்தத் தொழிலுக்கு ஒரு காலத்தில் ரயிலே ஓடியது என்றால் நம்புவீர்களா? பக்கத்தில் உள்ள குலசேகரன்பட்டினத்தில், பாரி கம்பெனியைச் சேர்ந்த 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு ஷுகர் பாக்டரீஸ்' நிறுவனம் பனைச் சர்க்கரை ஆலை நடத்தி வந்தது. டிஸ்டில்லரி என்ற பெயரைக் கவனித்தீர்களா? முதல் உலக யுத்த காலத்தில் அது குறுகிய தண்டவாளம் போட்டு, திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே, உடன்குடி வழியாகச் சின்ன ரயில் விட்டது. 1940-ல் அந்த ரயில் நின்றுவிட்டது. காந்தியடிகளும், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் பனைவெல்லத்தைக் கிராமக் கைத்தொழிலாக வளர்க்கப் பாடுபட்டார்கள். அதே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. ராக்கெட் ஏறப் போகும் வானத்தின் கீழ், தளைநார் போட்டு மனிதர் ஏறிக் கொண்டிருக்கிறார்.

"உங்கள் பிள்ளை ஏறுவாரா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் துடுப்பை நிறுத்தவில்லை. "மெட்ராஸ்ல வேலை பாக்கான். ஏற வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். இவுக மரத்துல இருக்க வரைக்கும் எனக்கு உசிரு கையில இல்ல பாத்துக்கிடுங்க. இறங்கிச் செருப்புச் சத்தம் கேட்டாத்தான் அடுப்புல விறகு வைப்பேன்."

சற்று நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. பாகு மட்டும் கொதித்துக் கொண்டிருந்தது.

அவருக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. சீனியைக் கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டி என்று பெயர் சூட்டி, பாதி விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்களாம். "அவுகளுக்கு மரமும் ஏற வேண்டாம், பாளையும் சீவ வேண்டாம். நாங்க எப்படிம்மா அந்த வெலைக்குக் குடுக்க?"

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பனை மரத்தை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் சர்க்கார் அறிவித்தது. மரம் தப்பித்துக் கொள்ளும். ஏற ஆளும், காய்ச்சக் கையும் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை கொஞ்சம் உங்கள் மளிகை லிஸ்டிலும் இருக்கிறது, சகோதரிகளே! பெண் பெரியவளானால் உளுந்தங்களி, கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை, ஜலதோஷத்துக்குச் சுக்குக் காப்பி என்று கருப்பட்டியைத் தேடும் வீடுதான் நம்முடையது. வாங்கும்போது ஒன்றை உடைக்கச் சொல்லிப் பாருங்கள். உடைந்த இடம் சீனி மணியாகப் பளபளவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள்; மங்கலாக இருந்து, நாவில் வைத்ததும் இனிப்போடு லேசான கரிப்பும் புகை மணமும் வந்தால் நல்லது. இது உடன்குடி அம்மாள் சொல்லிக் கொடுத்த சோதனை. "கருப்பட்டிதானே, நீரிழிவுக்கு ஒன்றும் செய்யாது" என்று மாமனாருக்கு இரண்டு டம்ளர் கொடுத்துவிடாதீர்கள். என்ன இருந்தாலும் அதுவும் சர்க்கரைதான். விலை சற்றுக் கூடுதலாக இருந்தால் மட்டும், பேரம் பேசுவதற்கு முன் அந்த 3,200 அடியை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள்.

புறப்படும்போது ஓலைக் கொட்டானில் நாலு சில்லுக் கருப்பட்டி வைத்துக் கொடுத்தார். பணம் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். "ருசி பாக்க வந்தவுகட்ட துட்டு வாங்குவாகளா? அடுத்த தடவை அஞ்சு கிலோவா வாங்கிட்டுப் போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலை கருப்பட்டிக் காப்பி போட்டேன். முதல் மடக்குக் குடிப்பதற்குள், எங்கோ தேரி மணலில் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருக்கும் காது ஒன்று ஞாபகம் வந்தது. காப்பி அன்று கொஞ்சம் ஆறித்தான் போயிற்று.