வரைபடம் புதிது, பிழை பழையது

2010 செப்டம்பர் 9 மாலை, கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் தெருவுக்கு அடியில் ஓடிய எரிவாயுக் குழாய் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. வாயுவை அடைக்கவே 95 நிமிடம் பிடித்தது. குழாயை வைத்திருந்த பி.ஜி. அண்ட் இ. நிறுவனத்தின் கணினி வரைபடத்தில் அங்கே இருந்தது பற்றவைப்பே இல்லாத முழுக் குழாய். மண்ணுக்குள் கிடந்ததோ, 1956இல் சிறு துண்டுகளைப் பற்றவைத்துப் புதைத்த குழாய். அதில் ஒரு நெடுக்குப் பற்றவைப்பு முழு ஆழத்துக்கு இறங்கவில்லை. காகிதப் பதிவில் இருந்த தவறு கணினிக்கும் ஏறியிருந்தது. 2015இல் மாநில ஒழுங்குமுறை ஆணையம் விதித்த தண்டம் 160 கோடி டாலர்.

மின்சாரம், குடிநீர், எரிவாயு நிறுவனங்கள் தங்கள் வரைபடத் தரவை இப்போது மறுபடியும் இடம் மாற்றுகின்றன. பலர் பயன்படுத்திய ஆர்க்மேப் மென்பொருளுக்கு 2026 மார்ச் 1இல் ஆதரவு முடிவதாக அதைத் தயாரித்த எஸ்ரி நிறுவனம் அறிவித்தது. அதன் இடத்துக்கு வரும் புதிய மென்பொருள் கண்டிப்பானது. எந்தக் கம்பி எந்தக் கருவியோடு இணையலாம் என்று விதி வைத்து, மீறினால் பிழை என்று காட்டும். நல்ல விஷயம்தான். ஆனால் வரைபடத்தில் உங்கள் வீட்டைத் தவறாகப் பக்கத்துத் தெரு டிரான்ஸ்பார்மரில் மாட்டி வைத்திருந்தால், அது விதிப்படி சரியான இணைப்பு. மென்பொருள் வாய் திறக்காது.

இதைவிட மோசம், காலிக் கட்டங்கள். பதித்த ஆண்டு, குழாயின் பொருள், ஆழம் என்று பழைய பதிவில் விடுபட்டவை ஏராளம். புதிய மென்பொருள் காலியாக ஏற்காத இடங்களில் ஊகமாக ஒன்றை நிரப்பிவிடுவார்கள். அது ஊகம் என்று குறித்து வைக்காவிட்டால், அடுத்து வரும் பொறியாளருக்கு அதுவே உண்மை. கெடு நெருங்கும்போது களத்துக்குப் போய்ச் சரிபார்க்கும் வேலைதான் முதலில் வெட்டுப்படும்.

இந்தியாவில் 2008இல் வந்த ஆர்.ஏ.பி.டி.ஆர்.பி. என்ற மின் விநியோகச் சீர்திருத்தத் திட்டத்தில்தான் நகரங்களின் மின் இணைப்புகளை டிரான்ஸ்பார்மர் வாரியாகக் கணினி வரைபடத்தில் ஏற்றும் வேலை பெரிய அளவில் நடந்தது. அந்தத் தரவு பிசகினால் முதலில் ஆபத்து, லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான அனுமதி, வாங்கிக்கொண்டு கம்பம் ஏறும் ஊழியருக்கு. நமக்கும் ஓர் அறிகுறி தெரியும்: பராமரிப்புக்காக மின்தடை என்று உங்கள் தெருவின் பெயர் வருகிறது, ஆனால் கரண்ட் போகவில்லை. அல்லது பெயரே இல்லாத நாளில் போகிறது. ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப நடந்தால், மின் இணைப்பு எண்ணையும் அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் எண்ணையும் குறித்து உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குப் பதிவு கிடையாது. தீராவிட்டால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42இன் கீழ் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர். அறுந்த கம்பி போன்ற உடனடி ஆபத்துக்கு இந்த வழியெல்லாம் வேண்டாம், தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 போதும்.

வரைபடத்தையே பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம் 2005 உதவும். ஊர் முழுவதற்கும் கேட்டால் பாதுகாப்பு காரணம் காட்டி மறுக்க இடமுண்டு. உங்கள் இணைப்பு எந்த டிரான்ஸ்பார்மரில் பதிவாகியிருக்கிறது, அது களத்தில் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று காட்ட முடிந்தால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பள்ளம் தோண்டுகிறவர்களுக்கு 2023 மார்ச் 22இல் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைத் தொடங்கியது. தோண்டப் போகும் இடத்தைப் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். செயலியில் பதியாத குழாய் அதில் வராது. ஆகவே ஜே.சி.பி.யை இறக்கும் முன் நிறுவனத்தின் ஆளை வரவழைத்து, கையால் ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்க்கச் சொல்லி ஒப்பந்ததாரரை வற்புறுத்துங்கள்.