மார்வின் கே வெளியிடாத ஆல்பம்: 47 ஆண்டுகள் கழித்து வந்தது யாருடைய இசை?

2019 மார்ச் 29. இறந்து ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆன ஒரு பாடகரின் 'புதிய' ஆல்பம் அன்றைக்கு ஸ்ட்ரீமிங் தளங்களில் வந்தது. பாடகர், அமெரிக்க சோல் இசையின் மிகப்பெரிய குரல்களில் ஒருவரான மார்வின் கே. ஆல்பத்தின் பெயர் 'யூ ஆர் தி மேன்'. மொத்தம் 17 டிராக்குகள், பெரும்பாலானவை 1972-ல் பதிவானவை. 'தொலைந்துபோன ஆல்பம்' என்றுதான் பல இடங்களில் எழுதினார்கள்.

இதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. அந்த ஆல்பம் தொலையவில்லை. சரியாகச் சொன்னால், அப்படி ஓர் ஆல்பம் முழுசாக இருந்ததே இல்லை. இருந்தது டேப்புகள் மட்டும்தான். அந்த டேப்புகளை வைத்து, 'அவர் வெளியிட்டிருந்தால் இப்படி இருந்திருக்கும்' என்று யாரோ கற்பனை செய்து தொகுத்ததுதான் நாம் இன்று கேட்பது. அந்தக் கற்பனையைச் செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது?

1972-ல் என்ன நடந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1971-ல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. வியட்நாம் போர், வறுமை, சுற்றுச்சூழல் என்று காதல் பாடகர் ஒருவர் திடீரென நாட்டைப் பற்றிப் பாட ஆரம்பித்தார். அவருடைய நிறுவனமான மோட்டவுனின் தலைவர் பெர்ரி கோர்டிக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. பாட்டு அரசியலாக இருக்கிறது, விற்காது என்று நினைத்தார். ஆனா சிங்கிள் வெளியாகி பாப் பட்டியலில் 2-ம் இடம் வரை போனதும் நிலைமை தலைகீழானது. அடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்ற நிலைக்கு நிறுவனம் வந்துவிட்டது.

அந்தத் துணிச்சலில்தான் 1972 ஏப்ரலில் 'யூ ஆர் தி மேன்' சிங்கிள் வந்தது. அது அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு. நிக்சன் மறுபடியும் போட்டியிடுகிறார். வேலையின்மை, விலைவாசி, வரி என்று அடுக்கி, 'உங்களிடம் திட்டம் ஏதாவது இருக்கிறதா?' என்று வேட்பாளர்களிடம் கேட்கும் பாட்டு அது. கோபமான விஷயத்தைக் கோபப்படாமல், கிட்டத்தட்ட கிண்டலாகப் பாடியிருப்பார். இன்றைக்குக் கேட்டாலும் பழசாகத் தெரியாது.

ஆனால் ஓடவில்லை. கறுப்பின ரசிகர்கள் அதிகம் கேட்ட ஆர் அண்ட் பி பட்டியலில் 7-ம் இடம் வந்தது. பொதுவான பாப் பட்டியலில் 50-ஐத் தாண்டவில்லை. முந்தைய ஆண்டு 2-ம் இடம் பார்த்தவருக்கு இது சறுக்கல்தான். அதே பெயரில் வர இருந்த ஆல்பம் நின்றுபோனது. டிசம்பரில் 'ட்ரபிள் மேன்' என்ற படத்தின் இசை வெளியானது. 1973-ல் 'லெட்ஸ் கெட் இட் ஆன்' வந்தது. அதில் அரசியல் துளியும் இல்லை, முழுக்கக் காமமும் காதலும். பெரிய ஹிட். 1972 டேப்புகளைத் தேடும் அவசியம் அப்போது யாருக்கும் வரவில்லை.

டேப்பில் இருப்பதும் இல்லாததும்

ஸ்டூடியோ டேப் என்றதும் முடிந்த பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து மல்ட்டி டிராக் டேப்பில் டிரம்ஸ் தனி, பேஸ் கிட்டார் தனி, குரல் தனி, கோரஸ் தனி என்று பக்கத்துப் பக்கத்தில் பதிவாகியிருக்கும். மார்வின் கே ஒரே பாட்டில் தன் குரலையே இரண்டு மூன்று அடுக்காகப் பதிவு செய்கிறவர் வேறு. எந்தக் குரல் முன்னால் வர வேண்டும், எது பின்னால் மெதுவாகக் கேட்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் மிக்ஸிங். எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில், எது வேண்டவே வேண்டாம் என்பது அதற்கும் அடுத்த முடிவு.

வீட்டில் மளிகைச் சாமான் எல்லாம் இருக்கிறது. ஆனா அது குழம்பா ரசமா என்று சொல்ல வேண்டியவர் இல்லை. அந்த மாதிரிதான்.

2019 ஆல்பத்தில் இது நன்றாகவே தெரியும். தலைப்புப் பாடல் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 'தி வேர்ல்ட் இஸ் ரேட்டட் எக்ஸ்' பாடலுக்கு மாற்று மிக்ஸ். மூன்று பாடல்களை ஏமி வைன்ஹவுஸ், நாஸ் போன்றவர்களுடன் வேலை செய்த சலாம் ரெமி புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1972-ல் மார்வின் கேயின் காதுக்குப் பட்ட ஒலி அது கிடையாது.

இன்னொரு தடயம், ஆல்பத்தின் பிற்பகுதியில் வரும் கிறிஸ்துமஸ் பாடல்கள். அதில் ஒன்று, வியட்நாமில் போர்க் கைதியாக இருக்கும் ஒருவன் பண்டிகைக்கு வீடு திரும்ப ஏங்குவது. தொகுப்பிலேயே மனதை அதிகம் உலுக்குவது அதுதான் என்பேன். ஆனால் கோடைக்காலத் தேர்தல் சூட்டில் வர வேண்டிய ஒரு அரசியல் ஆல்பத்தில் கிறிஸ்துமஸ் பாட்டை யார் வைப்பார்கள்? ஆவணப் பெட்டியைக் கவிழ்த்ததும் விழுந்ததில் அதுவும் ஒன்று, அவ்வளவே.

சரி, நாமே தொகுத்துப் பார்த்தால்?

கையில் போன் இருக்கிறது, 17 டிராக்குகளும் ஸ்ட்ரீமிங்கில் இருக்கின்றன. ஒரு பிளேலிஸ்ட் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு நிபந்தனை: 1972-ல் ஒரு எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடம்தான் நன்றாகப் பதிவாகும். இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம், கூடிப்போனால் 45. 2019 ஆல்பம் ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடுவதால் வினைலில் அது இரண்டு தட்டாக வந்தது. அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீங்கள் வெட்டியே ஆக வேண்டும்.

முதல் பக்கம் எளிது. தலைப்புப் பாடல், 'தி வேர்ல்ட் இஸ் ரேட்டட் எக்ஸ்', 'வேர் ஆர் வி கோயிங்', பிறகு 'பீஸ் ஆஃப் க்ளே'. நான்கும் சேர்ந்தால் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தின் நேரடித் தம்பி மாதிரி இருக்கிறது. கேள்வி கேட்கும் மனிதன், பதில் கிடைக்காமல் நிற்கிறான்.

இரண்டாவது பக்கத்துக்கு வந்தால்தான் தலைவலி. மிச்சம் இருப்பவற்றில் பெரும்பாலானவை காதல் பாடல்கள். வில்லி ஹட்ச் தயாரித்த துள்ளலான நான்கு பாடல்கள் இருக்கின்றன. தனியாகக் கேட்டால் அருமை. ஆனால் நிக்சனைக் கேள்வி கேட்டுவிட்டு, தட்டைத் திருப்பிப் போட்டதும் காதலியைக் கொஞ்சினால் அது ஒரே ஆல்பமா?

என் கணிப்பு, மார்வின் கேயும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். இந்த டேப்புகளில் இருப்பது ஒரு ஆல்பம் இல்லை. அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஒரு கலைஞன் எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்த ஓராண்டு. அப்படிக் கேட்டால் இந்தத் தொகுப்பு இன்னும் சுவாரஸ்யமாகிறது. 'தொலைந்துபோன மாஸ்டர்பீஸ்' என்று கேட்டால்தான் ஏமாற்றம்.

அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

வழக்கமாக இதற்கு விடை கிடைக்காது. மார்வின் கே விஷயத்தில் ஓரளவு கிடைக்கிறது. ஏனென்றால் அவர் உயிரோடு இருக்கும்போதே இது ஒருமுறை நடந்தது.

1981 ஜனவரியில் மோட்டவுன் அவருடைய 'இன் அவர் லைஃப்டைம்' ஆல்பத்தை வெளியிட்டது. வேலை இன்னும் முடியவில்லை என்றார் மார்வின் கே. தன் ஒப்புதல் இல்லாமல் டேப்பை எடுத்து, மிக்ஸை மாற்றி, கூடுதலாக வாசித்துச் சேர்த்துவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தலைப்பின் கடைசியில் அவர் வைத்திருந்த கேள்விக்குறியைக்கூடக் காணோம். 'நம் வாழ்நாளிலேயேவா?' என்ற பயம், 'நம் வாழ்நாளில்' என்ற அறிவிப்பாக மாறிவிட்டது. ஒரே ஒரு குறிதான், அர்த்தமே போச்சு.

அத்தோடு மோட்டவுன் உறவு முறிந்தது. கொலம்பியா நிறுவனத்துக்குப் போனார், 1982-ல் 'செக்‌ஷுவல் ஹீலிங்' பாடலோடு திரும்பி வந்தார். 1984 ஏப்ரல் 1-ம் தேதி, 45-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வீட்டில் நடந்த சண்டையில் தந்தையே அவரைச் சுட்டுக் கொன்றார்.

முடியாத டேப்பை வெளியிட்டதற்காக 20 ஆண்டு உறவையே அறுத்துக்கொண்டவர் இவர். தானே ஒதுக்கிவைத்த பாடல்கள் தன் 80-வது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு, அதே நிறுவனத்தின் பெயரில் வெளியாவதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வெளியிட்டிருக்கவே கூடாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் போர்க் கைதி பாட்டு ஒரு அலமாரியில் கிடந்து மட்கியிருக்க வேண்டுமா என்ன? என் மனத்தாங்கல் 'ஆல்பம்' என்ற சொல்லோடுதான். '1972 ஸ்டூடியோ பதிவுகள்' என்று பெயர் வைத்திருந்தால் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு விற்பனை குறைவு, அதுவும் உண்மைதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் 1967-ல் பாதியில் கைவிட்ட 'ஸ்மைல்' ஆல்பத்தை 2004-ல் தானே வரிசைப்படுத்தி முதலிலிருந்து பாடிப் பதிவு செய்தார். 2011-ல் பழைய டேப்புகள் வெளியானபோது அந்த வரிசையைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். முடிவெடுக்க வேண்டியவர் உயிரோடு இருந்தார். அந்த அதிர்ஷ்டம் எல்லா டேப்புக்கும் வாய்ப்பதில்லை.

ஏஐ குரலும் இதுவும் ஒன்றா?

'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தது நினைவிருக்கும். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக அவர் சொன்னார். அங்கே பாடகர் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. மார்வின் கே விஷயத்தில் ஒவ்வொரு சொல்லும் அவரே பாடியது. அதனாலேயே இங்கு கேள்வி எழுவதில்லை. 'அவர் குரல்தானே' என்று நாமும் எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

அடுத்து பெல்ஜியம்

கதை இன்னும் முடியவில்லை. 1981-ல் மார்வின் கே சில காலம் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரில் தங்கியிருந்தார். அப்போது தங்கிய ஒரு வீட்டில் உடைகள், குறிப்பேடுகளோடு டேப்புகளையும் விட்டுச்சென்றிருக்கிறார். அவற்றில் இதுவரை வெளிவராத 66 பாடல்களின் டெமோக்கள் இருப்பதாக 2024-ல் பிபிசி செய்தி வெளியிட்டது.

இங்கேதான் சட்டம் விளையாடுகிறது. பெல்ஜியச் சட்டப்படி ஒரு பொருள் 30 ஆண்டுகள் உங்கள் கையில் இருந்தால், எப்படி வந்ததாக இருந்தாலும், அது உங்களுடையது. அதனால் டேப் அந்த பெல்ஜியக் குடும்பத்துக்குச் சொந்தமாகலாம். ஆனால் இந்த விதி அறிவுசார் சொத்துரிமைக்குப் பொருந்தாது. டேப்பில் இருக்கும் பாடல்களை வெளியிடும் உரிமை அமெரிக்காவில் உள்ள வாரிசுகளின் பக்கம் இருக்கும். ஒருவரிடம் டேப், மற்றவரிடம் உரிமை. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால்தான் அந்தப் பாடல்கள் வெளியே வரும். வந்தால், அவற்றையும் யாரோ ஒருவர் வரிசைப்படுத்தி, மிக்ஸ் செய்து, ஒரு தலைப்பு வைக்க வேண்டியிருக்கும்.