பாக்கெட்டில் கைத்துப்பாக்கி: உரிமம் பெற்றவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விதிகள் சொல்வது என்ன?

புதுடெல்லி: கடந்த 2024ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி அதிகாலையில், கொல்கத்தா செல்வதற்காக மும்பை ஜுஹுவில் உள்ள தமது இல்லத்தில் தயாராகிக் கொண்டிருந்தார் இந்தி நடிகர் கோவிந்தா. உரிமம் பெற்ற தமது ரிவால்வரை அலமாரியில் வைக்க முயன்றபோது அது கைநழுவிக் கீழே விழுந்து வெடித்ததாகவும், தோட்டா இடது காலில் முழங்காலுக்குக் கீழே பாய்ந்ததாகவும் அவரது தரப்பில் தெரிவிக்கப்பட்டது. மருத்துவமனையில் தோட்டா அகற்றப்பட்டு, சில நாட்களில் அவர் வீடு திரும்பினார்.

அந்த அறையில் கொள்ளையர் எவரும் இல்லை. தற்காப்புக்காக வாங்கப்பட்ட ஆயுதம் அதன் உரிமையாளரையே காயப்படுத்தியது. உடலோடு ஒட்டி எடுத்துச் செல்லக்கூடிய சிறிய கைத்துப்பாக்கியைத் தேர்வு செய்ய நினைக்கும் எவரும், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சம்பவத்தை நினைவில் கொள்வது நல்லது. கைத்துப்பாக்கி எவ்வளவு சிறியது என்பதைவிட, நாம் நினைக்காதபோது அது வெடிக்குமா என்பதே முதல் கேள்வி.

மறைப்பது குற்றமா, கடமையா?

'இடுப்பில் மறைத்து வைத்திருந்த துப்பாக்கி பறிமுதல்' என்ற வரி இல்லாமல் நம் குற்றச்செய்திகள் நிறைவடைவதில்லை. அதனாலேயே 'மறைத்து எடுத்துச் செல்லுதல்' என்றாலே சட்டவிரோதம் என்ற எண்ணம் தமிழ் வாசகரிடம் படிந்துவிட்டது. இத்தகைய செய்திகளை மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு முறையும் இந்தச் சொல்லிடம் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், உரிமம் உள்ளவரைப் பொறுத்தவரை இந்திய விதிமுறை சொல்வது நேர் எதிரானது.

ஆயுதச் சட்டம், 1959இன் கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 32ஆவது விதி பொது இடங்களைப் பற்றியது. கைத்துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையில் இட்டு உடலோடு பொருத்தியோ, முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்தோதான் பொது இடத்தில் எடுத்துச் செல்லலாம். அது முழுவதுமாக மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பிறர் முன் எடுத்துக் காட்டுவதற்கும், பொது இடத்தில் வெடிப்பதற்கும், திருமணம், பொதுக்கூட்டம், திருவிழா, ஊர்வலம் ஆகியவற்றுக்குக் கொண்டு செல்வதற்கும் தடை உள்ளது.

ஆகவே, சட்டைக்கு வெளியே பிடி தெரியும்படி இடுப்பில் செருகிக்கொள்வது கம்பீரமன்று, விதிமீறல். உறை இல்லாமல் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதும் அப்படியே. 'உறை, மறைப்பு, கட்டுப்பாடு' என்னும் இந்த மூன்று நிபந்தனைகளே துப்பாக்கித் தேர்வுக்கும் அளவுகோலாக அமைகின்றன.

கடையில் கிடைப்பது எது?

இணையக் காணொளிகளில் அமெரிக்கர்கள் அறிமுகப்படுத்தும், 300 கிராமுக்கும் குறைவான எடையுள்ள பாக்கெட் பிஸ்டல்களைப் பார்த்துவிட்டு இங்குள்ள கடைக்குச் செல்பவர் ஏமாற்றமடைவார். 9 மி.மீ. போன்ற, படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டாக்களுக்கான துப்பாக்கிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர் விருப்பம்போல் இறக்குமதி செய்யவும் இயலாது. சாதாரண உரிமதாரருக்கு எஞ்சுவது பெரும்பாலும் பாயிண்ட் 32, பாயிண்ட் 22 ஆகிய இரு அளவுகளே.

இவற்றில் அதிகம் பேசப்பட்டது 'நிர்பீக்'. கான்பூர் பீரங்கித் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டு 2014 ஜனவரியில் அறிமுகமான இந்த பாயிண்ட் 32 ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். டைட்டானியம் உலோகக்கலவையில் ஆனது. ஆறு தோட்டாக்கள் கொள்ளும். அன்றைய விலை 1,22,360 ரூபாய். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்திற்குப் பின், 'நிர்பயா' என்ற பெயரை நினைவூட்டும் வகையில் பெயரிடப்பட்டு, பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்ற விளம்பரத்துடன், நகைப்பெட்டி போன்ற பெட்டியில் அது விற்பனைக்கு வந்தது. பெண்களின் பாதுகாப்பை அவர்களின் கைப்பையிடமே ஒப்படைப்பதா என்று மணிப்பூரைச் சேர்ந்த பினாலட்சுமி நெப்ராம் உள்ளிட்ட ஆயுத எதிர்ப்புச் செயற்பாட்டாளர்களிடமிருந்து அப்போதே கண்டனம் எழுந்தது. நியாயமான கேள்விதான். பாதுகாப்பு கேட்டவரிடம் ஒன்றேகால் லட்சம் ரூபாய் விலைச்சீட்டை நீட்டியதில் ஏதோ ஒரு பொருத்தமின்மை இருக்கவே செய்தது.

மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 'நிடர்' இன்னும் சிறியது. பாயிண்ட் 22 அளவு, சுமார் 250 கிராம் எடை. அடுத்து, 2023 ஆகஸ்ட் 18 அன்று கான்பூரைச் சேர்ந்த பொதுத்துறை நிறுவனமான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா 'பிரபல்' என்ற பாயிண்ட் 32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. இதன் எடை தோட்டா நீங்கலாக 700 கிராம், நீளம் 177.6 மி.மீ., குழலின் நீளம் 76 மி.மீ. முந்தைய ரிவால்வர்களில் தோட்டா நிரப்பத் துப்பாக்கியையே நடுவில் மடக்க வேண்டும். இதிலோ தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே வரும். உத்தரப் பிரதேச மாநிலம் ஹர்தோயில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரிலும் பாயிண்ட் 32 ரிவால்வர்கள் தயாராகின்றன. தட்டையான பிஸ்டலை விரும்புவோருக்கு அரசுத் தயாரிப்பான 'அஷனி' உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரிவால்வரும் பிஸ்டலும் 'பாயிண்ட் 32' என்றே அழைக்கப்பட்டாலும் இரண்டின் தோட்டாக்களும் ஒன்றல்ல. ரிவால்வருக்குரியது நீளமானது, பிஸ்டலுக்குரியது குட்டையானது. எண்ணை மட்டும் சொல்லித் தோட்டா வாங்கக் கூடாது.

சட்டைப்பையில் அரை கிலோ

விளம்பரங்கள் 'பாக்கெட்' என்று சொல்வதைச் சற்றுச் சந்தேகத்துடனேயே அணுக வேண்டும். இன்றைய திறன்பேசி ஒன்றின் எடை ஏறத்தாழ 200 கிராம், நீளம் சுமார் 160 மி.மீ. பிரபல் ரிவால்வர் அதைவிட நீளமானது, மூன்று மடங்குக்கும் மேல் எடையுள்ளது. போதாததற்கு நடுவில் உருளை புடைத்து நிற்கிறது. மெல்லிய பருத்திப் பேன்ட்டின் பையில் அதை வைத்தால் பை தொங்கும், வடிவமும் தெரியும். முழுவதும் மூடப்பட வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயே தோற்றுவிடும். இத்தகைய ரிவால்வருக்குச் சட்டைக்கு உள்ளே அணியும் இடுப்பு உறையே பொருத்தமானது. உண்மையில் பாக்கெட்டுக்கு ஏற்றவை நிடர் அளவிலான துப்பாக்கிகள் மட்டுமே.

அப்படியானால் மிகச் சிறியதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் சிறுமைக்கும் ஒரு விலை உண்டு. ஒரே தோட்டாவைச் சுடும் இரு துப்பாக்கிகளில் எடை குறைந்தது கையை அதிகமாக உதைக்கும். பிடி சிறிதாக இருந்தால் சுண்டுவிரலுக்கு இடம் இராது, பிடிமானம் தளரும். குழல் குட்டையாக இருந்தால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலான தூரம் குறையும். குறிபார்ப்பதில் நேரும் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். பாயிண்ட் 22 உதைப்பதில்லைதான். ஆனால் அதன் தாக்கும் ஆற்றல் குறைவு. எனவே கடைக்காரர் ஒரு துப்பாக்கியைக் காட்டும்போது அது பைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் கைக்குள் அடங்குகிறதா, ஆள்காட்டி விரலின் நுனி விசையை வசதியாக எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிரபல் 50 மீட்டர் வரை சுடும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். 76 மி.மீ. குழலை வைத்துக்கொண்டு அவ்வளவு தொலைவில் குறி தவறாமல் சுடப் பெரும் பயிற்சி வேண்டும். தற்காப்புக்கான தேவை எழுவதோ பெரும்பாலும் சில அடி தூரத்தில்.

தானாக வெடிப்பதைத் தடுப்பது எப்படி?

பைக்குள் இருக்கும் துப்பாக்கியின் மிகப்பெரிய எதிரி சாவிக்கொத்துதான். சாவியோ, பேனாவோ, துணியின் மடிப்போ விசையில் சிக்கினால் போதும். அதனால் உறையானது விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுவதுமாக மூடும் கெட்டியான பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். துப்பாக்கியை உருவும்போது உறை பைக்குள்ளேயே தங்கிவிட வேண்டும். துப்பாக்கி இருக்கும் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, நாணயம்கூட.

ரிவால்வரில் விசையை இரு வகையாக இழுக்கலாம். பின்புறமுள்ள சுத்தியைக் கட்டைவிரலால் பின்னோக்கி இழுத்து நிறுத்திவிட்டால், அதன்பின் விசையை மிக லேசாகத் தொட்டாலே வெடிக்கும். சுத்தியை இழுக்காமல் நேரடியாக விசையை அழுத்தினால் நீண்ட, கனமான இழுப்பு தேவைப்படும். எடுத்துச் செல்பவருக்கு இந்தக் கனமே பாதுகாப்பு. சுத்தியை இழுத்த நிலையில் ரிவால்வரைப் பைக்குள் வைக்கவே கூடாது.

கீழே விழுந்தால் வெடிக்குமா என்பது அடுத்த கேள்வி. விசையை முழுவதும் இழுக்காத வரை சுத்தி தோட்டாவைத் தொடாதபடி தடுக்கும் உள்பாகம் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் நேரடியாகக் கேட்டு, இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அந்தத் தடுப்பு இல்லாத பழைய ரிவால்வர்களில் சுத்திக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு எடுத்துச் செல்வது அனுபவசாலிகளின் வழக்கம். தந்தையிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ குடும்ப வாரிசாக வந்த துப்பாக்கி என்றால், அதைப் பயன்படுத்தும் முன் உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடம் காட்டுவது அவசியம்.

பிஸ்டலில் ஆபத்து வேறு வகையானது. தோட்டாக் கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலரும் நம்புகிறார்கள். குழலின் பின்னறையில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். கூட்டைக் கழற்றிய பின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, அந்த அறையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே காலி எனக் கருத வேண்டும்.

கைப்பையைப் பற்றியும் ஒரு சொல். விதி பையை அனுமதிக்கிறது. ஆனால் பேருந்து இருக்கையிலோ உணவக மேசையிலோ வைத்துவிட்டு எழுந்து போகும் பையில் உள்ள துப்பாக்கி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. பையைப் பறித்துச் செல்பவருக்கு அதோடு ஆறு தோட்டாக்களும் கிடைக்கும். துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ உடனடியாக அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிப்பது உரிமத்தின் நிபந்தனை. பைதான் வழி என்றால், துப்பாக்கிக்கெனத் தனி அறை உள்ள, உடலுக்குக் குறுக்கே அணியும் பையே ஓரளவு ஏற்கத்தக்கது. அதற்குள்ளும் உறை வேண்டும்.

உரிமம், பயிற்சி, தண்டனை

உரிமம் கோருபவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையரிடம் விண்ணப்பித்து, தொழில் அல்லது பிற காரணத்தால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு தேவைப்படுவதை விளக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்குப் பின்னரே முடிவு எடுக்கப்படும். ஆயுதத்தைக் கையாளுதல், பாதுகாப்பாக வைத்தல் குறித்த பயிற்சியையும் 2016ஆம் ஆண்டு விதிகள் வலியுறுத்துகின்றன. இதை வெறும் சான்றிதழுக்கான சடங்காக முடித்துக்கொள்வது தவறு. தேர்வு செய்ய எண்ணும் துப்பாக்கியின் வகையிலேயே சில முறையாவது பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே அதன் உதைப்பும் விசையின் கனமும் தெரியும்.

2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்; தடைசெய்யப்பட்ட வகை என்றால் ஏழு முதல் 14 ஆண்டுகள் வரை. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளையும்படி அலட்சியமாகவோ, கொண்டாட்டத்திற்காகவோ சுட்டால், உரிமம் இருந்தாலும் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு.

தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்வதற்கும் எல்லை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆவது பிரிவின்படி, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது தற்காப்பு உரிமை எழாது. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகத் தீங்கு விளைவிக்கவும் அது அனுமதிக்காது. தப்பி ஓடும் திருடனின் முதுகில் சுடுபவர் இந்தப் பிரிவுக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பயணத்திலும் கவனம் தேவை. உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்; மாநில எல்லையைத் தாண்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விமானத்தின் பயணிகள் பகுதிக்குள் துப்பாக்கியைக் கொண்டு செல்ல முடியாது. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் ஆயுதத்தை ஒப்படைக்குமாறு உத்தரவு வந்தால், அதைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். வியர்வை படும் இடத்தில் நாள்தோறும் இருந்த துப்பாக்கி எனில், ஒப்படைக்கும் முன் தோட்டாக்களை நீக்கி, துடைத்து, எண்ணெய் பூசிக் கொடுக்கலாம். எஃகுப் பாகங்கள் துருப்பிடிக்கச் சில வாரங்களே போதும்.