மாட்சோகா: சித்தி மேல் விழுந்த பழி

போன கோடையில் ஆபீஸ் வேலையாக செக் குடியரசின் புர்னோ நகரத்துக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கப் பிடிக்காமல், வடக்கே இருக்கும் மாட்சோகா பள்ளத்தைப் பார்க்கக் கிளம்பினேன். சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாக உண்டான பள்ளம். ஆழம் சுமார் 138 மீட்டர். நாற்பது மாடிக் கட்டடத்தையே உள்ளே இறக்கி வைக்கலாம். மேலே பார்வை மேடையில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தேன், அடிவயிறு கலங்கிடுச்சு.

மாட்சோகா என்றால் மாற்றாந்தாய். மூத்த தாரத்துப் பையனை ஒருத்தி இங்கே தள்ளிவிட்டாளாம். அவன் மரக்கிளையில் சிக்கிப் பிழைச்சுக்கிட்டான். விஷயம் தெரிஞ்ச ஊர்க்காரங்க அவளையே உள்ளே தள்ளிட்டாங்களாம்.

என் அப்பாவை வளர்த்து ஆளாக்கியது அவருடைய சித்திதான். அதனால் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. சரி, இந்தப் பள்ளத்தை உண்மையில் வெட்டியது யார்?

தண்ணீர்தான். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. நாம குடிக்கிற சோடாவில் இருக்கிற அதே சமாச்சாரம். அது பாறை விரிசல்களில் இறங்கி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுபோகிறது. கூடவே நிலத்தடி ஆறும் அரிக்க, உள்ளே பெரிய குகை உருவாகிறது. ஒரு கட்டத்தில் கூரை தாங்காமல் இடிந்து விழுகிறது. அதாவது மாட்சோகா வெறும் பள்ளம் இல்லை, கூரை போன குகை.

இது மேலே நின்றால் புரியாது. 1723-ல் லாசரஸ் ஷோப்பர் என்ற துறவி மேலிருந்து அடிவரை இறங்கினார். ஆனால் கரேல் அப்சோலோனும் குழுவினரும் 1914-ல் வேறு வழியாக வந்தார்கள்: பக்கத்துப் புங்க்வா குகைகள் வழியாக, கீழிருந்து. இன்னைக்கு நாமளும் அந்தக் குகைகள் வழியாகத்தான் பள்ளத்தின் அடிக்குப் போகிறோம். ஜில்லுன்னு காற்று, பாசி, அண்ணாந்து பார்த்தால் துண்டு வானம். பக்கத்திலேயே புங்க்வா ஆறு, ஒண்ணும் தெரியாத மாதிரி போய்க்கிட்டிருக்கு. திரும்பும்போது அதே ஆற்றில் படகு.

ஊருக்கு வந்ததும் சின்னப் பாட்டியிடம் எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுட்டுச் சொன்னாங்க:

"தண்ணி செஞ்ச வேலைதானேப்பா? அப்போ பேரை மாத்தச் சொல்லு."