3 வோல்ட் மோட்டாருக்கு எதுக்கு 33 வோல்ட்?

எங்க அப்பா கம்பைநல்லூர்ல தச்சு வேலை செய்றார். கதவுல பூ வேலை வேணும்னு யாராவது கேட்டா, பலகையை வெளியூருக்கு அனுப்பி சிஎன்சி-யில வெட்டி வாங்கணும். அந்தக் கூலி மிச்சமாகட்டும்னுதான் வீட்டிலேயே ஒரு ரவுட்டர் கட்ட ஆரம்பிச்சேன். ஃப்ரேம் முடிஞ்சுது. ஆர்டுயினோ ஊனோ-ல ஜிஆர்பிஎல் ஏத்தியாச்சு, அது இலவசம். நீமா 23 மோட்டார் மூணு, டிபி6600 டிரைவர் மூணு. பவருக்கு மட்டும் பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டின எஸ்எம்பிஎஸ், அதோட 12 வோல்ட் லைன்.

காத்துல ஓட்டினப்போ அழகா ஓடுச்சு. தேக்குப் பலகையில தாமரை வெட்டும்போது நாலாவது இதழ்ல ஒரு உறுமல். அதுக்கப்புறம் வந்த கோடெல்லாம் 6 மில்லிமீட்டர் தள்ளிப்போச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, பலகையை எடுத்து ஓரமா சாய்ச்சு வெச்சார். திட்டியிருந்தா தேவலாம்!

கோளாறு மோட்டார்லயும் இல்ல, கோடுலயும் இல்ல. வோல்டேஜ்லதான்.

மோட்டார் லேபிள்ல 2.8 ஆம்ப்ஸ், 1.1 ஓம்னு இருக்கும். பெருக்கிப் பாத்தா சுமார் 3 வோல்ட். 3 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் தாராளம்னு தோணும். மோட்டார் சும்மா நிக்கும்போது அது சரிதான். ஓடும்போது சுருளோட இண்டக்டன்ஸ் குறுக்க வருது. என் மோட்டார்ல அது 3 மில்லி ஹென்ரி. டிரைவர்ல நான் வெச்ச 2.5 ஆம்ப்ஸை சுருள் எட்டுறதுக்கு ஆகும் நேரம், தோராயமா, இண்டக்டன்ஸ் × கரண்ட் ÷ வோல்டேஜ். 12 வோல்ட்ல போட்டா 0.63 மில்லி செகண்ட். ஸ்க்ரூ செகண்டுக்கு 10 சுத்து சுத்துனா, 200 ஸ்டெப் மோட்டாருக்கு ஒரு ஸ்டெப்புக்குக் கிடைக்கிற நேரம் 0.5 மில்லி செகண்ட்தான். கரண்ட் ஏறி முடியறதுக்குள்ள அடுத்த ஸ்டெப் வந்துடுது. கரண்ட் இல்லன்னா டார்க் இல்ல. ரவுட்டர் பிட் கடினமான இடத்துல பட்டதும் மோட்டார் ஸ்டெப்பை விட்டுடும், ஆர்டுயினோவுக்கு அது தெரியவே தெரியாது. அதே கணக்குல 33 வோல்ட் போட்டா 0.23 மில்லி செகண்ட். மோட்டார் எரியாதான்னு கேட்டா, எரியாது, கரண்ட் 2.5-ஐத் தொட்டதும் டிரைவர் வெட்டி வெட்டிக் கட்டுப்படுத்தும்.

மேல எவ்வளவு போகலாம்? கெக்கோடிரைவ் நிறுவனத்தோட மாரிஸ் ஃப்ரைமானிஸ் சொன்ன கைக்கணக்கு ஒண்ணு இருக்கு: மில்லி ஹென்ரியோட வர்க்கமூலத்தை 32-ஆல பெருக்கணும். 3-க்கு 55 வோல்ட். ஆனா என் டிபி6600 மாட்யூலோட எல்லை 42 வோல்ட். அதனால 33-ன்னு முடிவு பண்ணேன்.

இந்த இடத்துல யூட்யூப்ல ஒரு ஐடியா கிடைக்கும்: ரெண்டு கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்-ஐ சீரீஸ்ல போட்டு 24 வோல்ட் எடுக்கிறது. அதுங்களோட மைனஸ் பெட்டியோட எர்த்ல சேர்ந்திருக்கும், சீரீஸ் போட்டா ஒண்ணு ஷார்ட் ஆகும். அதுக்கு "எர்த் பின்னைக் கட் பண்ணிடுங்க"ன்னு கூலா சொல்றாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. இரும்பு ஃப்ரேம்ல கை வெச்சுட்டு நிக்கப்போறது நீங்கதான்.

எனக்குக் கைகொடுத்தது சித்தப்பாவோட மைக் செட். திருவிழாவுக்கு ஓடி ஓஞ்சு, எடைக்குப் போட வெச்சிருந்த ஆம்ப்ளிஃபையருக்குள்ள 24-0-24, 5 ஆம்ப்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லாவே இருந்துச்சு. வெளி முனை ரெண்டையும் மட்டும் எடுத்தா 48 வோல்ட் ஏசி, ரெக்டிஃபை பண்ணினா 66-க்கு மேல. மூணு டிரைவரும் ஒரே நொடியில காலி. அதனால வெளி முனை ரெண்டையும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோட ஏசி கால்கள்ல கொடுத்து, பிளஸ் காலை பிளஸ்ஸாவும், ட்ரான்ஸ்ஃபார்மரோட நடு ஒயரை மைனஸாவும் எடுத்தேன். பிரிட்ஜோட மைனஸ் கால் சும்மா இருக்கும். 24 × 1.414 = 34, டயோடுக்கு ஒரு வோல்ட் கழிச்சா 33. பிரிட்ஜ் கேபிபிசி3510, அடியில ஹீட் சிங்க்.

ஆம்ப்ஸ் போதுமா? மூணு மோட்டார், 2.5 வீதம் 7.5. மைக்ரோஸ்டெப் டிரைவருக்கு அதுல மூணுல ரெண்டு பங்கு வெச்சா போதும்ங்கிறது வழக்கம், ஆக 5. சரியா பொருந்துச்சு.

கெப்பாசிட்டர்: 50 ஹெர்ட்ஸை ரெக்டிஃபை பண்ணினா செகண்டுக்கு 100 மேடு. ஒரு மேட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 0.01 செகண்ட் கெப்பாசிட்டர்தான் தாங்கணும். 5 ஆம்ப்ஸ் இழுக்கும்போது 3.3 வோல்ட் வரைக்கும் இறங்கலாம்னு விட்டா, 5 × 0.01 ÷ 3.3 = 15,000 மைக்ரோ ஃபாரட். 10,000-ல ரெண்டு, 63 வோல்ட் ரேட்டிங், பேரலல்ல போட்டேன். இதுல இன்னொரு லாபம் இருக்கு. ஓடிட்டிருக்கிற கேன்ட்ரி சட்டுன்னு நிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி கரண்டைத் திருப்பி அனுப்பும். சாதா எஸ்எம்பிஎஸ் சிலது அதுல குழம்பி ட்ரிப் ஆகும். பெரிய கெப்பாசிட்டர் அதை முழுங்கிடும்.

ஆனா ஆஃப் பண்ணின பிறகும் அந்த ரெண்டு டப்பாவுக்குள்ள 11 ஜூல் உக்காந்திருக்கும். ஸ்பேனர் பட்டா பெரிய பொறி பறக்கும். குறுக்க ஒரு 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டா ரெண்டு நிமிஷத்துல காலியாகிடும். 5 ரூபாய் சாமானை மிச்சம் பிடிக்காதீங்க.

ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாடி 2 ஆம்ப்ஸ் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ். கெப்பாசிட்டர் முதல்ல நிறையும்போது இழுக்கிற இழுப்புல சாதா ஃபியூஸ் போயிடும். டிரைவர் பக்கம் தனி ஃபியூஸ். பெட்டிக்கு எர்த் கட்டாயம். முதல் தடவை ஆன் பண்ணும்போது, எலக்ட்ரீஷியன்கள் செய்ற மாதிரி 100 வாட் குண்டு பல்பை சீரீஸ்ல போட்டுப் பாருங்க. பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா நல்லது. எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட். ஆர்டுயினோவுக்கு இதுல இருந்து எடுக்காதீங்க, பழைய போன் சார்ஜர் போதும்.

இந்த சப்ளையோட குறை, வீட்டுக் கரண்ட் எப்படியோ இதுவும் அப்படியே. போர் மோட்டாருங்க ஓடுற நேரம் வீட்ல 200 வோல்ட் இருந்தா 28 வோல்ட்தான் வரும். வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம். ராத்திரி 250-க்கு ஏறினா, லோடு இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாவும் தரும்ங்கிறதால 39 வரைக்கும் போகுது. 42-க்கும் அதுக்கும் நடுவுல 3 வோல்ட்டுதான். எனக்கு அது உறுத்துது, அதனால ராத்திரி ஓட்டறதில்ல. கையில காசு இருந்தா 50 வோல்ட் தாங்கும் டிஎம்542 டிரைவர் வாங்கிடுங்க. பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைக்கலன்னா புதுசா வாங்கி இதைச் செய்யாதீங்க. அந்தக் காசுக்கு 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் வாங்கறதே மேல். எனக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் ஓசி, மத்ததெல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள்ள.

போன வாரம் அதே தாமரையை அதே வேகத்துல வெட்டினேன், இந்தத் தடவை வேப்பம் பலகையில. எட்டு இதழும் சேர வேண்டிய இடத்துல சேர்ந்துச்சு. அப்பா விரலால தடவிப் பாத்துட்டு, "தேக்கு எடுத்துட்டு வரட்டா?"ன்னு கேட்டார்.