மூட்டு வலி ஊசிகள்: சரக்கைப் பார்த்து விலை கொடுப்போம்



தராசு பழுதானால் அன்றே ஆள் கூப்பிட்டுச் சரி செய்துவிடுகிறோம். ஷட்டர் இறங்க மறுத்தால் எண்ணெய் விடுகிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை நம்மைத் தாங்கி நிற்கும் முழங்காலைப் பற்றி, அது வலிக்கத் தொடங்கும் வரை நாம் நினைப்பதே இல்லை. சில்லறைக் கடைக்காரர் நாள் முழுவதும் நின்றுகொண்டே வியாபாரம் செய்கிறார். மண்டியில் இருப்பவர் மெத்தையில் சம்மணமிட்டு மணிக்கணக்கில் கணக்கு எழுதுகிறார். எண்ணெய் டின்னையும் அரிசி மூட்டையையும் தினமும் தூக்கி வைப்பவருக்கு முழங்கையும் தோளும் போய்விடுகின்றன. ஐம்பது வயதைக் கடந்த நம் அங்கத்தினர்கள் நாலு பேர் கூடினால், கொள்முதல் விலைக்கு அடுத்தபடியாகப் பேசுவது மூட்டு வலியைப் பற்றித்தான்.

இந்த வலிக்கு இப்போது புதிய சரக்கு ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறது. "கத்தி இல்லை, தையல் இல்லை, தேய்ந்த ஜவ்வு மீண்டும் வளரும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். இதைப் புத்துருவாக்க சிகிச்சை என்கிறார்கள். பெரும் பணம் கேட்கும் இடங்களும் உண்டு. நாம் மருத்துவர்கள் அல்லர். ஆனால் பணம் கொடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பார்வையில் இந்தச் சிகிச்சைகளைப் பார்ப்போம்.

தேய்வது எது?

முழங்காலில் தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் முனைகளில் வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது. இதுதான் குருத்தெலும்பு. நாம் பொதுவாக ஜவ்வு என்று சொல்கிறோம். இதற்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் வந்து, உறைந்து, பொருக்குத் தட்டி ஆறிவிடுகிறது. ஜவ்வில் சேதம் ஏற்பட்டால் ரிப்பேர் செய்யும் ஆட்கள் வந்து சேரப் பாதை இல்லை. ஆகவே அது எளிதில் ஆறுவதில்லை. வெளியிலிருந்து எதையாவது செலுத்தி அதை வளர வைக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் புதிய சிகிச்சைகள் எல்லாம் பிறந்தன.

பி.ஆர்.பி. ஊசி

டெங்கு காய்ச்சல் வந்த காலத்தில் "தட்டணு குறைந்துவிட்டது" என்று கேட்டிருப்போம். ரத்தம் உறைய உதவும் அந்தத் தட்டணுக்களுக்குள், காயத்தை ஆற்றும் பல பொருள்கள் உள்ளன. நம் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, பாலில் இருந்து கிரீம் பிரிப்பது போல ஒரு இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றித் தட்டணு மிகுந்த பகுதியை மட்டும் பிரிக்கிறார்கள். அதையே மூட்டுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். இதுதான் பி.ஆர்.பி. நம் ரத்தமே என்பதால் ஒவ்வாமைக்கு வாய்ப்புக் குறைவு. சில நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம். எந்த ஊசியையும் போல, சுத்தம் குறைந்தால் மூட்டுக்குள் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு.

2009ல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டிக்கு முன் பிட்ஸ்பர்க் அணியின் ஹைன்ஸ் வார்ட் முழங்கால் காயத்துக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு ஆடினார். அந்த அணி வென்றது. அதன் பிறகு இதன் பெயர் உலகெங்கும் பரவியது. ஒரு கடையில் கூட்டம் இருப்பதைப் பார்த்து அடுத்தவரும் அங்கே நுழைவது போலத்தான் இதுவும். ஒருவர் ஆடி வென்றார் என்பதால் மருந்து வேலை செய்தது என்று ஆகிவிடாது.

ஆய்வுகள் சொல்வது

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன, முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி. மறு பிரிவுக்கு அதே போல மூன்று ஊசி, ஆனால் உள்ளே வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. முடிவு 2021ல் வெளியானது. ஓராண்டு கழித்து, பத்துக்கு இத்தனை என்ற வலி அளவில் பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது. உப்பு நீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்திருந்தது. ஜவ்வின் அளவிலும் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

உப்பு நீர் போட்டவருக்கும் ஏன் வலி குறைந்தது? மூட்டு வலி ஏறி இறங்கும் தன்மை உடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரிடம் ஓடுகிறோம். பின்பு அது தானாகவும் தணிகிறது. ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கிறது. ஆகவே "பக்கத்துக் கடைக்காரருக்குக் குணமாயிற்று" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசிக்குள் இருந்த பொருளால்தான் குணமானது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பி.ஆர்.பி.யால் வலி குறைந்தது என்று காட்டிய வேறு ஆய்வுகளும் இருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. அதனால்தான் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர் சங்கம் 2019ல் முழங்கால் தேய்மானத்துக்கு இதை வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. அந்நாட்டு எலும்பு அறுவை மருத்துவர்களின் அமைப்பு 2021ல், பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரம் வலுவில்லை என்ற பொருளில் எழுதியது. சிக்கலுக்கு ஒரு காரணம் நம் தொழிலில் உள்ளவர்களுக்கு எளிதில் புரியும். அக்மார்க் முத்திரை இல்லாத சரக்கு போல, பி.ஆர்.பி.க்குப் பொதுவான தரம் கிடையாது. எவ்வளவு ரத்தம், எவ்வளவு நேரம் சுழற்றுவது, எத்தனை தட்டணு, எத்தனை ஊசி என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு விற்கிறது.

இன்றைய நிலையில் நியாயமாகச் சொல்லக்கூடியது இதுதான். ஆரம்ப, நடுத்தர நிலைத் தேய்மானத்தில் சிலருக்குச் சில மாதம் வலி குறையலாம். தேய்ந்த ஜவ்வை அது திரும்ப வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஸ்டெம் செல் என்ற பெயரில்

இதைவிடப் பெரிய விலைக்கு விற்பது ஸ்டெம் செல் ஊசி. இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்தோ, வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ, பிரசவத்தின் போது கிடைக்கும் தொப்புள் கொடியிலிருந்தோ உயிரணுக்களை எடுத்து மூட்டில் செலுத்துவது. அமெரிக்காவில் சுமார் 480 பேரிடம் இந்த மூன்று வகையையும், சாதாரண ஸ்டீராய்டு ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2023ல் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் எந்த ஸ்டெம் செல் ஊசியும் ஸ்டீராய்டை விட மேலாக வலியைக் குறைக்கவில்லை.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும். விளம்பரம் செய்யக் கூடாது. 2022ல் பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்த ஸ்டெம் செல் ஊசி மருந்துக்கு, முழங்கால் தேய்மானத்துக்கென மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி கிடைத்தது. அது லைசென்ஸ் பெற்ற மருந்து. அதைக் காட்டி, தம் இடத்திலேயே கொழுப்பை எடுத்துக் கலக்கி ஊசி போடுபவர் "எங்களுக்கும் அனுமதி உண்டு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் சரக்குக்குக் கிடைத்த முத்திரை எல்லாக் கடைச் சரக்குக்கும் செல்லாது.

கவனக்குறைவின் விலை சிறியதல்ல. 2018ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா மாநிலங்களில் தொப்புள் கொடி ரத்தத்திலிருந்து செய்த ஊசியை மூட்டிலும் முதுகிலும் போட்டுக்கொண்ட 12 பேருக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர நேர்ந்தது.

பழைய ஊசிகள்

ஸ்டீராய்டு ஊசி விலை மலிவு. வலியும் வீக்கமும் வேகமாகக் குறையும். ஆனால் சில வாரங்களுக்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், ஜவ்வு கூடுதலாகத் தேய்ந்ததாக 2017ல் தெரிவித்தார்கள். நம்மில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்ட பின் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

விளையாட்டுக் காயங்கள்

நம் பிள்ளைகள் கிரிக்கெட், கபடி, ஷட்டில் ஆடி முழங்காலைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். முன் தசைநார் கிழிந்துவிட்டது என்று ஸ்கேனில் வந்தால் வீடே கலங்குகிறது. சுவீடனில் இளம் வயதினர் 121 பேரிடம் செய்து 2010ல் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை. மறு பிரிவில் 59 பேருக்கு முதலில் முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை. இரண்டு ஆண்டில் அந்த 59 பேரில் 23 பேருக்கே அறுவை தேவைப்பட்டது. இரு பிரிவினரின் கால் நிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஆகவே கத்தி இல்லாத வழி என்பது ஊசி மட்டுமல்ல. பிசியோதெரபி என்ற பொறுமையான வழியும் இருக்கிறது.

டென்னிஸ் எல்போ என்ற முழங்கை வலி, டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத நமக்கும் வரும். டின்னையும் பையையும் பிடித்துத் தூக்கித் தூக்கி வருவது அது. அதற்கும் பி.ஆர்.பி. போடுகிறார்கள். ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2021ல் வெளியான காக்ரேன் அறிக்கை, அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே கூறியது. இந்த வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே தணிகிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. நமக்கு இருப்பது என்ன நோய், எந்த நிலை? நின்றபடி எடுத்த எக்ஸ்ரே பார்த்தார்களா? எலும்போடு எலும்பு உரசும் கடைசி நிலையில் இந்த ஊசிகளால் பெரும்பாலும் பயன் இல்லை.

2. ஊசிக்குள் என்ன இருக்கிறது? மருந்து என்றால் பெயர், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி எங்கே?

3. ஊசி போடுபவர் பதிவு பெற்ற எலும்பு மருத்துவரா?

4. எத்தனை ஊசி, மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் தருவார்களா? பில் உண்டா?

5. எத்தனை மாதம் பலன் எதிர்பார்க்கலாம்? பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன?

6. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், சர்க்கரை உள்ளவர், இதை முன்பே சொல்லி ஆலோசனை பெற்றாயிற்றா?

7. காப்பீட்டு நிறுவனம் இதற்குப் பணம் தருமா? வாய் வார்த்தையை நம்பாமல் எழுதிக் கேட்க வேண்டும்.

நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். "இன்றே கட்டினால் சலுகை" என்று அவசரப்படுத்தும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

கடையிலேயே செய்யக்கூடியவை

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஐந்து கிலோ குறைத்தவர், ஒவ்வொரு அடிக்கும் இருபது கிலோ மூட்டையை இறக்கி வைத்தவர் ஆகிறார்.

தொடைத் தசை வலுவாக இருந்தால் மூட்டுக்கு வேலை குறையும். கல்லாவில் அமர்ந்தபடியே காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. இதற்கு மேல் என்ன பயிற்சி என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். மூட்டுத் தேய்மானத்துக்கு எல்லா நாட்டு மருத்துவ வழிகாட்டிகளும் முதலில் எழுதுவது உடற்பயிற்சியைத்தான்.

தரை மெத்தையை விட்டு நாற்காலிக்கு மாறுவோம். நின்று வியாபாரம் செய்பவர் அரை மணிக்கு ஒரு முறை அமர்ந்து எழ வேண்டும். அடிக்கடி எடுக்கும் சரக்கைக் கீழ்த் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மாற்றினால் நமக்கும் நல்லது, நம் கடைப் பணியாளருக்கும் நல்லது.

காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்தாலோ, திடீரெனக் காலை ஊன்ற முடியாமல் போனாலோ பயிற்சியும் எண்ணெயும் போதாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூட்டு முற்றிலும் தேய்ந்தவர்கள் அறுவை சிகிச்சை என்றதும் பயந்து, ஊசி மேல் ஊசியாகப் போட்டுச் சேமிப்பைக் கரைப்பதும் தவறு. மத்திய அரசு 2017ல் செயற்கை மூட்டின் விலைக்கு உச்ச வரம்பு விதித்து, சாதாரண வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என நிர்ணயித்தது. அதற்கு முன் இருந்த விலையோடு பார்க்கும்போது அது பெரிய குறைவு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ஒரு மூட்டை பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து, கடித்துப் பார்த்து, எடை போட்டு வாங்குகிறோம். நம் காலுக்குள் போகும் மருந்துக்கும் அதே விசாரணை வேண்டும். அங்கத்தினர்கள் இந்தக் கேள்விப் பட்டியலைக் கத்தரித்துக் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் செல்லும்போது எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.