வற்றிய வைகையையும் காட்டுங்கள்

கோடை விடுமுறை விட்டதும் மதுரையில் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ கிளம்பிவிடுகின்றன. மலைக்குப் போவதில் தப்பேதும் இல்லை. ஆனால் மூன்றிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு உலகத்தை அறிமுகம் செய்ய அதைவிட நல்ல வழி, சொந்த ஊரின் சில இடங்களை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் என்பேன். புது இடத்தில் எல்லாமே புதிது. அங்கே எது எப்போதும் இருப்பது, எது அன்றைக்கு மட்டும் நேர்ந்தது என்று பிள்ளையால் பிரித்துப் பார்க்க முடியாது. மாற்றம் கண்ணில் பட வேண்டுமென்றால் முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பார்த்த இடத்துக்கே மறுபடி போக வேண்டும். செலவில்லாமல் மாதம் ஒருமுறை அப்படிப் போகக்கூடியது உள்ளூருக்குள்தான்.

வைகையை எடுத்துக்கொள்வோம். 258 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு மதுரைக்குள் ஆண்டின் பெரும்பகுதி மணலும் புல்லும் ஆகாயத்தாமரையுமாகவே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் தரைப்பாலத்தை மூழ்கடிக்கும் அளவுக்குத் தண்ணீர் வரும். பிறகு சித்திரையில், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, ஆற்றில் திடீரென்று நீர் ஓடும். கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையிலிருந்து வழக்கமாகத் திறந்துவிடும் தண்ணீர் அது. மழையே இல்லையே, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழ வேண்டுமானால், பங்குனியில் வறண்டு கிடந்த ஆற்றையும் அது பார்த்திருக்க வேண்டும். அழகர் இறங்கும் நாளின் நெரிசலுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. கூட்டம் கலைந்த பின் தண்ணீரைப் போய்ப் பார்த்தாலே போதும். ஆவணி மூலத்தையொட்டி வரும் புட்டுத் திருவிழாவில், வைகைக் கரை உடைந்ததும் சிவன் பிட்டுக்கு மண் சுமந்ததுமான கதை ஊரெங்கும் பேசப்படும். காய்ந்த மணலைப் பார்த்தபடி வெள்ளத்தின் கதையைக் கேட்கும் பிள்ளை, இந்த ஆறு எப்போதும் இப்படி இருந்ததில்லை என்று தானாகவே புரிந்துகொள்ளும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் அப்படித்தான். திருமலை நாயக்கர் காலத்துக் குளம் அது. நீரில்லாத ஆண்டுகளில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய அதே தரையில் இன்று தண்ணீர் தளும்ப நிற்பதைக் காட்டி, இது எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்று பேச ஆரம்பிக்கலாம்.

பழைய ஊரின் அமைப்பே இதற்குத் தோதானது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுத்தடுத்த சுற்றுகளாக மாதப் பெயர்கள். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசித் திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். ஓடாத நாள்களில் கீழமாசி வீதித் தேரடியில் தேர் சும்மா நிற்கும்போதே பார்த்த பிள்ளைக்குத்தான் அது அலங்காரத்தோடு நகர்வது அதிசயமாகத் தெரியும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டும் ஒரு நல்ல பள்ளிக்கூடம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, பங்குனி முதல் ஆனி வரை மூட்டை மூட்டையாக வந்து விலை இறங்கும். மார்கழி, தைப் பனியில் மொட்டு குறைந்து, விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். ஒரு முழம் பூ ஏன் சிறுத்துவிட்டது என்று கேட்கும் குழந்தைக்குப் பனியும் செடியும் சந்தையும் ஒரே நேரத்தில் பிடிபடுகின்றன. தெருமுனை வேம்பு பங்குனி, சித்திரையில் பூப்பதையும் ஆனி, ஆடியில் பழுத்து உதிர்வதையும் பார்க்கப் பஸ் ஏறக்கூட வேண்டாம்.

இந்த வயதில் பார்ப்பது பின்னால் நினைவில் நிற்காதே என்பது நியாயமான கேள்வி. மூன்று, நான்கு வயதுக் காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் பேசக் கற்றுக்கொண்ட நாளும் யாருக்கும் நினைவில்லை. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது மனதில் நன்றாகத் தங்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதைக் குழந்தைகளிடமும் கண்டிருக்கின்றன. மறதியையே காரணமாகச் சொன்னால், ஒரே ஒருமுறை போன மலைப் பயணம்தான் முதலில் மறக்கும்.

இப்படி ஊர் காட்டும் காலக்கணக்கு இந்துத் திருவிழாக்களோடு முடிந்துவிடுகிறதே என்றும் கேட்கலாம். காஜிமார் தெருவும் கோரிப்பாளையம் தர்காவும் இதே ஊரில்தான் இருக்கின்றன. ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதைக் கவனிக்கும் பிள்ளை, சூரியனைப் பின்பற்றும் காலக்கணக்கும் நிலாவை மட்டும் பின்பற்றும் காலக்கணக்கும் வேறு வேறு என்பதைச் சீக்கிரமே கண்டுகொள்ளும். வெயில், போக்குவரத்து, நேரமின்மை எல்லாம் உண்மையான தடைகள். விடிந்ததும் அரைமணி நேரம் போதும் என்பதுதான் என் பதில். ஆற்றில் சாக்கடை கலக்கிறது, குப்பை கிடக்கிறது, இதையா பிள்ளைக்குக் காட்டுவது என்று தயங்குவோருக்கு உறுதியாகச் சொல்வேன்: அதையும்தான். மறைத்து வைத்தால் அந்த ஆறு தன்னுடையது என்று பிள்ளைக்குத் தெரியவே வழியில்லை. நல்லதைக் காட்டவும் ஊரில் பஞ்சமில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

மார்கழியில் சாமநத்தம் கண்மாய்க்கு வலசைப் பறவைகள் வந்திருக்கும். அரையாண்டு விடுமுறையில் ஒரு விடியற்காலை பிள்ளையை அங்கே கூட்டிப்போங்கள். வைகாசியில் அதே கரைக்கு மறுபடி போங்கள். எவை போயின, எவை தங்கின என்று உங்கள் பிள்ளையே சொல்லட்டும்.